பதினான்காம் வரி

இலான்ட்ஸிலிருந்து ஊர்சினா காடுஃப் எழுதியிருந்தார்:
உங்கள் மென்பொருள் திறக்கவில்லை.
அவ்வளவுதான். கீழே ஒரு படம்,
கறுப்புத் திரையில் இரண்டு வரி.

“கோர்” என்றொரு கோப்பு இல்லை.
“விரில்” என்றொரு கோப்பு இல்லை.

இரண்டும் உண்மை.
அவரிடம் இருந்தது “கோர் விரில்”,
ஆண்கள் பாட்டுக்குழுவின் இசைத்தாள்,
நடுவே ஒரு வெற்றிடத்தோடு
ஒரே பெயர்.

பீல் நகரில் இரவு பதினொன்றரை.
பகல் முழுக்கக் கடிகார ஆலையில்
உருப்பெருக்கிக்குக் கீழே
மயிரிழைச் சுருள்களைப் பார்த்த கண்
இன்னும் ஒன்றை இரண்டாய்க் காட்டுகிறது.
தேத்தண்ணி ஆறிவிட்டது.
தொடக்க நிரலைத் திறந்தேன், இருபத்தொரு வரி.

பதினான்காவதில்
டொலர்க் குறி, பக்கத்தில் ஒரு நட்சத்திரம்,
மேற்கோள் இல்லாமல்
ஜனவரியில் மேற்சட்டையை மறந்து
பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல.

எந்த மடையன் எழுதினது இது?
கேட்டால் சொல்ல ஒரு கட்டளை இருக்கிறது.
கேட்டேன்.
என் பெயரைச் சொன்னது.
ஆறு வருடத்துக்கு முந்திய ஞாயிறு,
அதிகாலை இரண்டு நாற்பது.
குறிப்பு: இப்போதைக்கு இது போதும்.

போதுமாகத்தான் இருந்தது.
என் கணினியில் எந்தப் பெயருக்கு நடுவிலும்
நான் இடம் விட்டதில்லை.
எல்லாம் அடிக்கோடு போட்டு ஒட்டியவை.
நான் வாழ்கிற மாதிரியே சோதித்திருக்கிறேன்.

லாங்னாவிலிருந்து ரேட்டோ ஸ்பிண்டன் எழுதுகிறான்:
அவரையே பெயரை மாற்றச் சொல்.
நாளைக்குப் பார்க்கலாம், தூங்கு.

தூக்கம் வரவில்லை.
தபால் கந்தோரில் என்னை அப்பாவின் பெயரால் கூப்பிடுகிறார்கள்.
ஃப்ராவ் கதிர்காமத்தம்பி!
பதினேழு வருடமாய்த் திரும்பிப் பார்க்கிறேன்,
கையெழுத்தும் போடுகிறேன்.
அது வழுவமைதி,
இலக்கணம் பொறுத்துக்கொண்ட பிழை.
இது வெறும் வழு.
திருத்தலாம்.

வெட்டுவதெல்லாம் குற்றம் என்றும் சொல்லமாட்டேன்.
விசைப்பலகையை வெட்டிப் பாருங்கள்,
பல கை என்று வரும்.
இந்த இருபத்தொரு வரியிலும் அப்படித்தான்:
லியோனில் ஒரு கை, கீலில் ஒன்று,
இன்னொன்று பெயரே தராமல்
ஒரு காற்புள்ளியைச் சரிசெய்துவிட்டுப் போனது,
பின்பு வரவேயில்லை.
ஆனால் ஊர்சினாவின் பாட்டுக்கு
வெட்டுக்கத்தி எதற்கு?

நட்சத்திரத்தை அழித்தேன்.
அந்த இடத்தில் ஓர் அட் குறி,
இரு பக்கமும் மேற்கோள்.
வந்ததை வந்தபடியே உள்ளே விடு,
எண்ணாதே, சேர்க்காதே, உடைக்காதே.
மூன்றே மூன்று குறி.
ஆறு வருடம்.

“இன்றைக்கு நான் ஒன்றும் சமைக்கவில்லை” என்று
ஒரு கோப்புக்குப் பெயர் வைத்துச் சோதித்தேன்.
முழு வாக்கியமும் தலை குனியாமல்
வாசலைத் தாண்டிப் போனது.

கை போன போக்கில்
உதவி என்ற தெரிவையும் தட்டிப் பார்த்தேன்.
“பிறகு எழுதப்படும்.”
அதுவும் என் எழுத்துத்தான்.
நான்கு வரி எழுதினேன்,
எதைக் கொடுத்தால் எது நடக்கும் என்று.
ரேட்டோவைப் பார்க்கச் சொல்லாமலே வெளியிட்டேன்.
நாளைக்குக் கத்துவான், கத்தட்டும்.

மறுநாள் மாலை, ஆலை உடை மாற்றும்போது
கைபேசி அதிர்ந்தது.
ஊர்சினா: முப்பத்தொரு பாட்டு திறக்கிறது, நன்றி.
ஒன்று மட்டும் இல்லை.
அதன் பெயரை ஒரு சிறு கோட்டில் தொடங்கியிருக்கிறார்,
பட்டியலில் முதலாவதாய் நிற்கட்டும் என்று.
கோட்டைக் கண்ட என் நிரல்
அதைக் கட்டளை என்றெண்ணி விறைத்து நின்று,
“அப்படியொரு தெரிவு எனக்குத் தெரியாது” என்கிறது.

ரேட்டோ: பெயரை மாற்றச் சொல்.

ஒத்திகை வியாழனாம்.
இன்று செவ்வாய்.
பதினெட்டாம் வரிக்குப் போகிறேன்.